பீரோவும் குட்டியும்

ஓசூரில் எங்களோடு வேலை பார்த்த அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. நல்லவளா என்று கேட்டால் நல்லவள்தான். பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்கும். அப்புறம் எதற்கு அவளை நினைத்தாலே எரிச்சல் வருகிறது என்று கேட்டால், அதைத்தான் நானும் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெயரை எழுதமாட்டேன். ஆள் இருக்கிறாள், படித்தால் பஸ் ஏறி வந்து சண்டை போடுவாள். பெயருக்கு அவசியமும் இல்லை. சிப்காட்டில் எங்கள் மோட்டார் கம்பெனியில், மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் செக்‌ஷனில், அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு எதுவும் ஒற்றையாக இருக்கக் கூடாது. எங்கள் செக்‌ஷனில் பெண்கள் அதிகம். குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறபோது யாருக்காவது கம்மல் கழன்று விழும். ஒன்று போனால் மற்றதை என்ன செய்வது? அப்படி மிஞ்சிய ஒற்றைக் கம்மல்களை அக்கா கேட்டு வாங்கி ஒரு சோப்பு டப்பாவில் போட்டு வைப்பாள். பிறகு அதிலிருந்து இரண்டை எடுத்து, ஒரு காதில் வெள்ளைக் கல், இன்னொரு காதில் பச்சைக் கல் என்று போட்டுக்கொண்டு வேலைக்கு வருவாள். அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டாயா என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, தனியாகக் கிடந்து அது என்ன பண்ணப்போகிறது என்று அவரையே திருப்பிக் கேட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

சாப்பாடும் அப்படித்தான். ராகிக் களிக்கு ஜாம் தொட்டுக்கொள்வாள். டீயில் கொஞ்சம் காபித் தூள் போடுவாள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பாள். தெலுங்குக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் நடுவில் அதுவும் வரும். கேன்டீனில் யாராவது தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் அவ்வளவுதான், கையில் தட்டோடு இன்னொரு ஆளை இழுத்து வந்து எதிரே உட்கார வைத்துவிடுவாள். அந்த இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. முறைத்துக்கொண்டே சாப்பிடுவார்கள். அவர்களைக் கேட்டாளா? கேட்கமாட்டாள். கேட்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. அவள் மேல் எனக்கு இருந்த முதல் கோபம் இதுதான்.

ஒரு பாட்டுப் பெட்டி எங்களிடம் வந்து சேர்ந்த கதையும் இப்படித்தான். அவள் கத்தோலிக்கப் பெண். சர்ச் பாட்டுக் குழுவுக்கு ஆர்மோனியம் பார்க்கப் பெங்களூருக்குப் போனவள், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கிளப்பில், அங்கே முன்பு வாசித்த பேண்டுக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டாள். இடுப்புயரம், மரத்தால் செய்தது, வெள்ளைப் பெயின்ட். அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். நான் எதற்கு அந்த டெம்போவில் இருந்தேன் என்றால், என்னைத்தான் கூட இழுத்துக்கொண்டு போயிருந்தாளே.

அத்திப்பள்ளி செக்போஸ்டில் நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் டார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஏனம்மா இது, பீரோனா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"பீரோனே சார். ஆதரே ஹாடுத்தே" என்றாள் அக்கா. பீரோதான், ஆனால் பாடும் என்று அர்த்தம்.

அவர் மேல்மூடியைத் திறந்தார். ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி கட்டைகள் இருந்தன. ஒன்றை அழுத்தினார். கரன்ட் இல்லாமல் அது எப்படிப் பாடும்? கீழ்க்கதவைத் திறந்தார். உள்ளே டேப் ரெக்கார்டர் நாடாக்கள் துண்டு துண்டாக, தறிக்குப் போடுகிற நூல் மாதிரி வரிசையாகத் தொங்கின. என்னைப் பார்த்தார். நான் டிரைவரைப் பார்த்தேன். இதை எந்தச் சாமானில் சேர்ப்பது என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில் போங்கள் என்று கையை ஆட்டிவிட்டார். அன்றிலிருந்து அதற்குப் பீரோ என்றே பெயராகிவிட்டது.

அது பாடுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு நாடா. அதில் அந்தச் சுருதிக்குரிய சத்தம் முன்பே பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சத்தம் வரும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். விரலை எடுக்காமலே இருந்தால் ஒரு மூச்சு நேரத்தில் நாடா தீர்ந்து சத்தம் சட்டென்று நின்றுபோகும். எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். பெட்டியோடு வந்த நாடாவிலெல்லாம் புல்லாங்குழலும் வயலினும் இருந்திருக்கின்றன. ஆனால் பூஞ்சை பிடித்து, ஜலதோஷம் வந்த கழுதை மாதிரி கத்தின. யாராயிருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அக்கா புது நாடா வெட்டினாள்.

அதில் எங்கள் குரல்களைப் பதிந்தாள். மத்திகிரியில் அவள் குடியிருந்த போர்ஷனில் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொருவராக வரவழைத்தாள். ஆர்மோனியத்தில் சுருதி கொடுப்பாள். நாங்கள் 'ஆ' என்று மூச்சு தீரும்வரை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். கீழ்க்கட்டைகளுக்குக் கேன்டீன் சமையல்காரர், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். மேல்கட்டைகளுக்குப் பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள். நடுவில் இருந்ததில் முக்கால்வாசி நான். கம்பெனி ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறவள் நான்தான். எனக்குத்தான் சுருதி நிற்கும் என்றாள். புகழ்ந்தால் எனக்கும் மனசு குளிராதா? தொண்டை கட்டும்வரை கத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போச்சம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒரு தம்பதி இருந்தார்கள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக வருவார்கள். அக்கா இருவரையும் வேறு வேறு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பதிந்து, எந்தப் பாட்டு வாசித்தாலும் சேர்ந்தே ஒலிக்கிற இரண்டு கட்டைகளில் போட்டுவிட்டாள். அவர்களுக்கே தெரியாது. கம்பெனி ஆயுத பூஜை ஃபங்ஷனில் அக்கா பீரோவை வாசித்தபோதுதான் தெரிந்தது. அந்த அம்மா எழுந்து போய்விட்டாள். சேர்ந்தார்களா என்றால் இல்லை, கடைசியில் விலகியே போனார்கள். ஆனால் அடுத்தடுத்த வருஷங்களிலும் அந்த அம்மா ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கட்டைகள் சேர்ந்து ஒலிப்பதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனாள். இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பீரோ தனியாக இருக்கிறதே என்று அக்காவுக்குக் கவலை வந்திருக்க வேண்டும். கப்பலில் சமையல் வேலை பார்த்த அவள் தம்பி ஜப்பானிலிருந்து ஒரு சின்ன கீபோர்டு வாங்கி வந்தான். சூட்கேஸில் அடங்கிவிடும். மேலே வளைந்த கழுத்தோடு ஒரு மைக். மைக்கில் பேசிக்கொண்டே கட்டையை அழுத்தினால், நாம் பேசுகிற வார்த்தை அந்தக் கட்டையின் சத்தத்தில் வெளியே வரும். மனிதப் பேச்சுத்தான், ஆனால் மெஷின் பேசுகிற மாதிரி இருக்கும். அதன் பின்பக்கம் வெளிச் சத்தத்தை உள்ளே விடுவதற்கு ஒரு துளை இருந்தது. மற்றவர்கள் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். அக்கா பீரோவிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அதில் சொருகிவிட்டாள். அன்றிலிருந்து அது குட்டி. பீரோவும் குட்டியும் ஜோடியாகிவிட்டன.

அதனால் என்ன ஆயிற்று என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த வருஷத்து ஆயுத பூஜை மேடையில். நான் பக்கவாட்டில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் என் குரல் பேசியது. அனைவரும் வருக, முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காரவும் என்றது. தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தாலும் என் குரல்தான், எனக்குத் தெரியாதா? வார்த்தை அக்காவுடையது, சத்தம் என்னுடையது. கூட்டம் கைதட்டியது. மேனேஜர் திரைக்குப் பின்னால் யார் என்று எட்டிப் பார்த்தார்.

அவள் மேடையிலிருந்து இறங்கி வந்ததும் சண்டை போட்டேன். நான் சொல்லாததை என் குரலில் சொல்ல நீ யார், ஒரு வார்த்தை கேட்டாயா என்றேன்.

"குடுத்துட்ட இல்ல, அப்புறம் என்னாத்துக்கு கேக்கணும்?" என்றாள். அவள் நக்கல் பண்ணவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு, நான்தான் அற்பத்துக்குச் சண்டை போடுகிறேனோ என்று குழப்பமாகிவிட்டது. மறுநாள் என் டிபன் பாக்ஸைத் திறந்து பாதி எலுமிச்சைச் சாதத்தை எடுத்துக்கொண்டு, பாதி மட்டன் குழம்பை ஊற்றினாள். எலுமிச்சைச் சாதத்தில் மட்டன் குழம்பு. தின்றேன்.

ரொம்ப வருஷம் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அவளைப் பார்த்தேன். ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறுகாலில் பிரவுன். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள். அந்தப் பெண்ணும் ஆத்தூராம், என் ஊர். வேறொரு காரணமும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அசடு வழிந்துகொண்டு நின்றோம். இவள் மாறவே மாட்டாள்.

அவளுக்குக் குரல் போனது அந்தச் சந்திப்புக்கு முன்பு, மேடைச் சண்டைக்குப் பிறகு. கழுத்தில் கட்டி. பெங்களூரில் ஆபரேஷன். கட்டி குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது, குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லித்தான் செய்தார். போய்விட்டது. வார்த்தை வரும், உதடு அசையும், ஆனால் வெறும் காற்றுத்தான். வாயருகே காதைக் கொண்டுபோனால் கேட்கும். காயில் மெஷின்கள் ஓடுகிற செக்‌ஷனில் அது எங்கே கேட்கப்போகிறது? நாள் பூராவும் வாய் ஓயாத அவள் எங்கள் நடுவில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. எவ்வளவு திட்டியிருப்பேன் அந்த வாயை.

அப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. மாப்பிள்ளை கெலமங்கலத்துக்காரர், எங்கள் டூல்ரூமில் மெக்கானிக், ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசிக்கிறவர். மனைவி இறந்துபோய்ப் பல வருஷமாகத் தனியாக இருந்தவர். தனியாக இருக்கிற ஒருவரைப் பார்த்தால் அக்கா சும்மா விடுவாளா? ஆனால் இந்த முறை இன்னொருத்தியைத் தேடவில்லை. தானே போய் எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவர் ரொம்ப நல்ல மனிதர். ஆபரேஷனுக்குப் பிறகும் அவர் பின்வாங்கவில்லை. பின்வாங்கச் சொன்னவர் அவருடைய அண்ணன். தம்பி கேட்கவில்லை என்றதும் அண்ணன் பேச்சை மாற்றினார். இதுவும் நல்லதுதான், சர்ச்சில் தலையாட்டுவாள், அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தலையாட்டிக்கொண்டே இருப்பாள் என்று கெலமங்கலம் சந்தையில் நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அது எப்படியோ அக்கா காதுக்கு வந்துவிட்டது.

சர்ச்சில் கல்யாணத்துக்கு இருவரும் வாய்திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். முடியாதவர்களுக்குத் தலையசைப்பே போதும், திருச்சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று ஃபாதர் எடுத்துச் சொன்னார். அக்கா முடியாது என்றுவிட்டாள். சர்ச்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னால்தான் கல்யாணம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். ஃபாதர் என்னை அனுப்பினார். நான் போய், இதெல்லாம் ஒரு விஷயமா, நல்ல மாப்பிள்ளையை விட்டுவிடாதே என்று கெஞ்சினேன்.

என் காதைப் பிடித்து இழுத்து வாயருகே வைத்துக்கொண்டு சொன்னாள்: "தலையாட்டறது சம்மதமாடி? காயில் மெஷினும்தான் நாள் பூரா தலையாட்டுது."

எனக்குச் சுருக்கென்றது. என் கல்யாணம் ஆத்தூரில் நடந்தது. தலையைக் குனி என்றார்கள், குனிந்தேன். நிமிராதே என்றார்கள், நிமிரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆள் அனுப்பினாள். போனால், பீரோவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். குட்டிக்கு வேண்டியது உதட்டசைவும் மூச்சுக்காற்றும்தான். சத்தத்தைப் பீரோ கொடுத்துவிடும். மைக்கில் அவள் வெறும் காற்றைப் பேசினாள், கட்டையை அழுத்தினாள், அறையில் பேச்சு கேட்டது. ஆனால் யார் குரலில் பேசுவது? ஊரில் இருக்கிறவர்களின் குரலையெல்லாம் பதிந்தவள், தன் குரலை ஒரே ஒரு கட்டையில்கூடப் பதியவில்லை. பதிவு பட்டனை அழுத்துகிற வேலையில் இருந்துவிட்டாள். சமையல்காரர் குரலில் சொல்லிப் பார்த்தாள், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிள்ளைகள் குரலில் சொல்லிப் பார்த்தாள், சரிப்படவில்லை. பிறகு நடுக்கட்டைக்கு வந்தாள். என் குரல் சம்மதம் என்றது. அவள் முகம் மலர்ந்தது. இதுதான் என்று தலையை ஆட்டினாள். என்னைக் கேட்டாளா? இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. குரல் போன ஒருத்தியிடம் குரலுக்காகச் சண்டை போட முடியுமா?

கல்யாணத்தன்று காலையில் வாட்ச்மேனும் நாலு பேரும் பீரோவையும் குட்டியையும் தூக்கி வந்து பீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அக்காவின் வலது கை மாப்பிள்ளையின் கையில், இடது கை கட்டையில். குட்டியின் மைக்கைக் கழற்றி, நீள ஒயரில் மாட்டி, அவள் வாயருகே பிடிக்கிற வேலை எனக்கு. என் வீட்டுக்காரர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தன் வாக்குறுதியைச் சொல்லி முடித்தார். பிறகு அக்கா.

என் குரலில் தொடங்கினாள். இன்பத்திலும் என்று வந்தது, துன்பத்திலும் என்று வந்தது, அதோடு நாடா தீர்ந்துவிட்டது. விரலை எடுத்தாள், உள்ளே ஸ்பிரிங் இழுக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பதற்றத்தில் கை நழுவிக் கீழ்க்கட்டையில் விழுந்துவிட்டது. 'நோயிலும்' என்கிற வார்த்தை கேன்டீன் சமையல்காரரின் கட்டைக் குரலில் வந்தது. பின்வரிசையில் அவரே எழுந்து நின்றுவிட்டார். கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, மாப்பிள்ளையும் சிரிக்கவில்லை. மறுபடி என் கட்டைக்கு வந்து, எடுத்து எடுத்து அழுத்தி, மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

அப்போது மாப்பிள்ளையின் அண்ணன் எழுந்தார். "ஃபாதர், இது வேற பொம்பள குரலு. இதோ மைக்கைப் புடிச்சிகினு நிக்கறாங்களே, இவங்களோடது. இது எப்படிச் செல்லும்?"

மாப்பிள்ளை திரும்பாமலே, அண்ணா உட்காரு என்றார். அண்ணன் உட்காரவில்லை. பெஞ்சுகளில் குசுகுசுவென்று பேச்சு. செல்லும் என்றார்கள் சிலர், பொண்ணு மாறிப்போச்சு என்றார்கள் சிலர். ஃபாதருக்கு வியர்த்துவிட்டது. அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இருந்திருக்காது. அக்காவைப் பார்த்து, இது உன் சம்மதம்தானா என்று கேட்டார். அக்கா கட்டையை அழுத்தி, என் சம்மதம்தான் ஃபாதர் என்றாள். அதுவும் என் குரலில் வந்ததால் குழப்பம் கூடத்தான் செய்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பயந்து நான் பார்த்ததில்லை, அன்று பயந்திருந்தாள். கேட்காமல் எடுத்துக்கொண்டோமே என்று அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார். "வார்த்தை இவளோடது, அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா குரல் உன்னோடதும்மா. இதுக்குத் தர உனக்குச் சம்மதமா? வேணாம்னாலும் சொல்லலாம், தப்பே இல்ல."

வேண்டாம் என்றும் சொல்லலாம் என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. ஒரு கணம், நிஜமாகவே ஒரு கணம், வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றும் இருந்தது. சர்ச் முழுக்க எனக்காகக் காத்திருந்தது. மைக்கைக் கீழே இறக்கினேன்.

"சம்மதம் ஃபாதர்" என்றேன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி, புதிதாக யாரையோ பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.